கூப்பிட்ட குரலும் இரண்டு வேளை மாத்திரையும்

முதலில் வந்தது வாசனை. மெழுகுவத்தியை ஊதி அணைத்ததும் வருமே, அந்தப் புகை வாசனை. தாராவியில் எங்கள் தையல் பட்டறை இருக்கிற சந்தில் தோல், சாயம், வடா பொரிக்கிற எண்ணெய், சாக்கடை என்று எல்லா வாசனையும் உண்டு. மெழுகுவத்தி மட்டும் கிடையாது. காலை பதினொரு மணி இருக்கும். பள்ளிக்கூடச் சட்டைகளுக்கு ஓவர்லாக் மிஷினில் கை ஏற்றிக்கொண்டிருந்தேன். அடிவயிற்றிலிருந்து ஒரு சூடு கிளம்பித் தொண்டை வரை ஏறியது. பிறகு என் இடது தோளுக்குப் பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"கனி."

என் முழுப்பெயர் ஜெபக்கனி. பட்டறையில் எல்லோருக்கும் நான் அக்கா. வீட்டுக்காரருக்கு 'ஏட்டி'. கனி என்று கூப்பிடுவது அம்மா ஒருத்திதான். அவள் கூப்பிட்டால் நாலு சந்துக்குக் கேட்கும். இது அப்படி இல்லை. ஏற்கனவே பலமுறை கூப்பிட்டு, நான் கவனிக்காமல் போய், அதற்காகக் கோபப்படாமல் மறுபடியும் கூப்பிடுகிற குரல்.

"என்ன?" என்று திரும்பினேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

"யாருகிட்டக்கா பேசுதிய?" என்றாள் பக்கத்து மிஷின் செல்வி. அவள் முகத்தில் பயம் தெரிந்தது. எனக்கு முன்னால் வைத்திருந்த டீயில் ஆடை படிந்திருந்தது. இப்போதுதானே ஆவி பறக்க வைத்துவிட்டுப் போனார்கள்? மடியில் மூன்று சட்டைக் கைகள் கிடந்தன. மூன்றையும் மணிக்கட்டுப் பக்கம் மூடித் தைத்திருந்தேன். யாரும் கையை வெளியே விடமுடியாது. தையல் ஒரு நூல் பிசகாமல் நேராக இருந்தது. நான் கவனமாகத் தைத்தால்கூட அவ்வளவு நேராக வராது.

உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இப்படி நேரம் காணாமல் போகிறதென்றால், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. பத்தாம் வகுப்பில் இந்திப் பரீட்சையில் தோற்றவள். நான் செய்த முட்டாள்தனத்தையும் சேர்த்தே சொல்கிறேன், நீங்களாவது செய்யாதிருங்கள்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் பொருத்தனை (கடவுளிடம் வாக்குக் கொடுத்து வேண்டிக்கொள்வது) என்று ஒன்று உண்டு. சிலர் மொட்டை போடுவார்கள், சிலர் அசனம் (கோயிலில் எல்லோருக்கும் போடுகிற விருந்து) வைப்பார்கள். என் அம்மா என்னையே கொடுத்துவிட்டாள். 'ஊழியத்துக்கு (கடவுள் பணிக்கு) ஒப்புக்கொடுத்த பிள்ளை' என்று சொல்லித்தான் வளர்த்தாள். நான் சேட்டை செய்தால்கூட, "ஆண்டவருக்குள்ள சாமான அடிக்கப்பிடாது" என்று கையை இறக்கிவிடுவாள். ஆனால் சாமானை வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை. படிப்பு ஏறவில்லை, தையலுக்குப் போனேன், கல்யாணம் ஆயிற்று. முப்பத்தொன்பது வயதாகிவிட்டது. அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். ஒவ்வொரு புதுவருஷ ஆராதனை முடிந்தும் என்னை ஒரு பார்வை பார்ப்பாள். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காதவளின் பார்வை அது.

எனக்கும் அது உள்ளே அரித்துக்கொண்டேதான் இருந்தது. ஆண்டவர் என்னை எதற்காக வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

பட்டறையில் நடந்ததைச் சொன்னதும் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். "இப்பமாவது கூப்பிட்டுட்டாரே! ஏட்டி கனி, நீ என்ன பதில் சொன்ன?"

"என்னன்னு கேட்டேன்."

"எட கிறுக்கி! அப்படியா கேக்கது?" ஆண்டவர் பேர் சொல்லிக் கூப்பிட்டால் பைபிளில் வரும் சிறுவன் மாதிரி என்ன பதில் சொல்லவேண்டும் என்று ஞாயிறு பள்ளிக்குப் போன எந்தப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அடுத்த முறை சரியாகச் சொன்னேன். அதற்கடுத்த முறையும் சொன்னேன். வாரத்துக்கு இரண்டு முறை, மூன்று முறை என்று குரல் வந்தது. சொல்லும், கேட்கிறேன் என்றேன். அது என் பெயரைத் தாண்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எங்கள் சபை ஒரு பிளாஸ்டிக் குடோனுக்கு மேல்மாடியில் கூடுகிறது. அறுபது பேர் இருப்போம். ஒரு ஞாயிறு, ஜெபம் உச்சத்தில் இருக்கும்போது எனக்கு அந்தப் புகை வாசனை வந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது, எல்லோரும் என்னைச் சுற்றி அழுதுகொண்டிருந்தார்கள். ஒரு சிஸ்டர் என் பாதத்தைத் தொட்டுக் கும்பிட்டாள். நான் அந்நிய பாஷை (ஆவியில் நிறைந்து பேசும் புரியாத மொழி) பேசினேனாம். பாஸ்டர் அய்யா நல்ல மனிதர், யாரையும் ஏமாற்றத் தெரியாதவர். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "விக்ரோலியில ஆறு மாசம் ஊழியப் பயிற்சி இருக்கும்மா. இனி நீ தையல்ல இருக்க வேண்டிய ஆளு இல்ல" என்றார். சரி என்றேன். பட்டறையிலும் சொல்லிவிட்டேன்.

அன்று யாரோ மொபைலில் வீடியோ எடுத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமைக்குள் அது எங்கள் ஆட்கள் எல்லோர் போனிலும் ஓடியது. என் வீட்டுக்காரர் தேவராஜ் தேவ்நாரில் வெல்டிங் வேலை பார்க்கிறவர், கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் கோயிலைப் பார்க்கிறவர். வேலை முடிந்து வந்தவர் டிபன் டப்பாவைக்கூட வைக்காமல் போனைக் காதில் வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"ஏட்டி, இது என்ன அந்நிய பாஷை? 'நூல் அறுந்துட்டு, நூல் அறுந்துட்டு'ன்னுல்லா சொல்லுத."

"சும்மா கெடங்க. ஆவியானவர கேலி பண்ணாதிய."

"நான் ஏன் கேலி பண்ணுதேன்? நீயே பாரு. கைய பாரு."

பார்த்தேன். அந்தப் பெண்ணின் இடது கை வளைந்து, மரக்கட்டை மாதிரி விறைத்திருந்தது. வலது கை சேலை மடிப்பைக் கிள்ளிக் கிள்ளி விட்டது. வாய் எதையோ சப்புக்கொட்டியது. நடுவில் நூல் அறுந்துட்டு, நூல் அறுந்துட்டு. குரல் என்னுடையதுதான். ஆனால் அதை நான் பேசவில்லை. வீடியோ முடிகிற இடத்தில் அவள் தலையைத் திருப்பி நேராகப் போனைப் பார்த்தாள், பார்த்துச் சிரித்தாள். எனக்கு அப்படிச் சிரிக்க வராது. ரொம்ப நாள் தெரிந்தவளைப் பார்த்ததுபோல் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு பல நாள் கண்ணாடி பார்க்காமலே தலை சீவினேன்.

தேவராஜ் அந்த வீடியோவோடு என்னை நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு இழுத்துப் போனார். நரம்பியல் பிரிவில் இருந்த டாக்டர் வித்யா மாட்டுங்காவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர். என் கதையை அரைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தவர் வீடியோவைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்று முறை ஓடவிட்டார்.

"இதை எடுத்தவாளுக்கு தேங்க்ஸ் சொல்லுங்கோ. இந்த மாதிரி ஒரு வீடியோவுக்கு நாங்க மாசக்கணக்கா காத்துண்டிருப்போம்" என்றார்.

சபை சாட்சிக்காக எடுத்தது, ஆஸ்பத்திரியில் அத்தாட்சி ஆயிற்று. ஈ.ஈ.ஜி. (தலையில் கம்பிகள் ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் சோதனை) எடுத்தார்கள். எம்.ஆர்.ஐ. (காந்தக் குழாய்க்குள் படுக்கவைத்து எடுக்கும் படம்) எடுத்தார்கள். அந்தக் குழாய்க்குள் படுத்திருந்தபோது குரல் வந்துவிடுமோ என்று ஒரு பக்கம் பயம். வரவேண்டுமே என்று ஒரு பக்கம் ஏக்கம். வரவில்லை. இயந்திரம் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது.

டெம்போரல் லோப் எபிலெப்சி (காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டுக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியில் தொடங்கும் வலிப்பு) என்றார்கள். வலது பக்கம் ஒரு பழைய தழும்பு இருந்தது. இல்லாத வாசனை, இல்லாத குரல், காணாமல் போகும் நிமிடங்கள், தன்னையறியாமல் செய்யும் வேலை, எல்லாம் அந்தத் தழும்பிலிருந்து கிளம்பும் மின்னல்கள்.

"சின்ன வயசுல ஜுரம் வந்து ஃபிட்ஸ் வந்துதா?" என்று கேட்டார் டாக்டர். எனக்குத் தெரியவில்லை. வெளியே பெஞ்சில் இருந்த அம்மாவைக் கூப்பிட்டோம்.

அம்மா முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள். "ரெண்டு வயசுல. காய்ச்சல்ல கண்ணு சொருகிட்டு. அர மணி நேரத்துக்கு மேல வெட்டி வெட்டி இழுத்துச்சு. செத்துட்டான்னே நெனச்சேன். அப்பதான் முட்டுல நின்னு சொன்னேன், பொழைக்க வச்சிரும், உமக்கே தந்துருதேன்னு."

தழும்பும் பொருத்தனையும் ஒரே அரைமணி நேரத்தில் உண்டாகியிருக்கின்றன. இன்றைக்கும் அதை நினைத்தால் எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாது.

"அப்பம் டாக்டர், அந்தக் குரல் ஆண்டவருதா, தழும்புதா?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப் போயிற்று. "அது எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னுதான் மிஷின் சொல்லும். யாரோடதுன்னு அதுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனா மாத்திரையை விடக் கூடாது. அது மட்டும் எனக்கு நன்னாத் தெரியும்."

காலை எட்டு மணிக்கு ஒன்று, இரவு எட்டு மணிக்கு ஒன்று. முதல் மாதம் தலை சுற்றியது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன், வீட்டுக்காரர் வாயைத் திறக்கவே பயந்தார். குரல் மெல்லத் தேய்ந்தது. முதலில் கூடத்தின் மறுகோடியிலிருந்து கூப்பிடுவதுபோல் கேட்டது, பிறகு பக்கத்து வீட்டில் யாரோ பேசுவதுபோல். அப்புறம் வாசனை மட்டும். அதுவும் ஒருநாள் நின்றுவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், யாரோ செத்துப்போனதுபோல் இருந்தது. முப்பத்தொன்பது வருஷத்தில் என்னை அவ்வளவு பொறுமையாகக் கூப்பிட்டவர்கள் வேறு யாரும் இல்லை.

இனித்தான் என் முட்டாள்தனம்.

எங்கள் சபையில் சுகம் கிடைத்தால் எழுந்து சாட்சி சொல்லவேண்டும். எனக்கு வலிப்பு என்பதையும் ஆறு வாரமாக அது வரவில்லை என்பதையும் கேள்விப்பட்ட பாஸ்டர் அய்யா, "ஆண்டவர் செஞ்சத மறைக்கப்படாதும்மா" என்றார். எழுந்தேன். "ஆண்டவர் என்னைப் பூரண சுகமாக்கிட்டாரு" என்றேன். மாத்திரையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. அம்மா முகம் அப்படிப் பிரகாசித்து நான் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வந்து மாத்திரையைக் கையில் எடுத்தேன். பூரண சுகமானவளுக்கு எதற்கு மாத்திரை? போட்டால் நான் சபை நடுவில் சொன்னது பொய். போடாமல் இருந்தால் மெய். இவ்வளவு எளிதான கணக்காகத்தான் அன்று எனக்குப் பட்டது. மாத்திரைகளைத் தையல் நூல் டப்பாவில் ஒளித்துவைத்தேன். கூடவே இன்னொரு காரணமும் இருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு அந்தக் குரல் வேண்டியிருந்தது.

நான்காம் நாள் செம்பூர் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தேன். பகல் மூன்று மணி வெயில். புகை வாசனை வந்தது. சந்தோஷத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"கனி."

"இருக்கேன் ஆண்டவரே, சொல்லும்" என்றேன். அது மூச்சு இழுப்பது கேட்டது. இதுவரை அப்படிக் கேட்டதில்லை. அடுத்த வார்த்தையைச் சொல்லத்தான் இழுக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. கேட்பதற்காக இடது பக்கம் சாய்ந்தேன்.

கண் திறந்தபோது பிளாட்பாரம் என் கன்னத்தில் சுட்டது. வாயில் ரத்தம். நாக்கைக் கடித்திருந்தேன். தோள்பட்டை இறங்கியிருந்தது. முகத்துக்கு நேரே, ஒரு கை தூரத்தில், பிளாட்பாரத்தின் விளிம்பு. என் வலது கைக்குள் ஒரு கொத்துச் சாவி இருந்தது. வலிப்புக்கு இரும்பைக் கொடுத்தால் நிற்கும் என்று யாரோ தன் சாவியைத் திணித்துவிட்டு, வண்டி வந்ததும் ஏறிப் போயிருக்கிறார். மூன்று சாவிகள், ஒரு சின்னப் பித்தளைப் பூட்டுச் சாவி. அன்று சாயங்காலம் எவரோ என்னால் தன் வீட்டு வாசலில் நின்றிருப்பார். அந்தச் சாவி எதைத் திறக்கும் என்று எனக்குத் தெரியப்போவதே இல்லை. (இரும்பு, செருப்பு, வெங்காயம் எதுவும் வலிப்பை நிறுத்தாது. வாய்க்குள் எதையும் வைக்காதீர்கள்.)

"ஏன் நிறுத்தினேள்? திடீர்னு நிறுத்தினா ஆளே போயிடலாம், தெரியுமோல்லியோ?" டாக்டர் வித்யா கத்தினார். நெற்றியில் ஆறு தையல். சாட்சியைப் பற்றிச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "உங்க பாஸ்டரை நான் பாக்கணுமா?" என்றார். வேண்டாம், நானே பேசுகிறேன் என்றேன்.

அய்யா வீட்டுக்கே வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் பதினோரு வருசமா சுகர் மாத்திர போடுதேம்மா. சபையில ஒருத்தருக்கும் தெரியாது."

"ஏன்யா சொல்லல?"

"ஊழியக்காரனே மாத்திர போட்டா சனம் என்ன நெனைக்கும்னு இருந்துட்டேன். நீ வண்டியில அடிபட்டுச் செத்திருந்தா அது எம்மேலதான்."

அம்மா மூலையிலிருந்து கேட்டாள், அவ்வளவு சின்னக் குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை. "அப்பம் நான் சொன்ன பொருத்தனை? அவரு கேக்கவே இல்லையாய்யா?"

நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நான் பொழச்சுல்லாம்மா கெடக்கேன்" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு தலையில் கட்டோடு எழுந்து, மாத்திரை அட்டையைத் தூக்கிக் காட்டி, போன சாட்சி பாதிப் பொய் என்றேன். கைதட்டல் இல்லை. ஒரு குழந்தை மட்டும் சிரித்தது. எனக்குப் பிறகு அய்யா எழுந்து தன் சுகரைச் சொன்னார். இரண்டு குடும்பம் வேறு சபைக்குப் போய்விட்டது. ஆராதனை முடிந்ததும் மூன்று பேர் என்னைப் படிக்கட்டில் ஓரங்கட்டி, எந்த ஆஸ்பத்திரி, என்ன கிழமை என்று மெதுவாக விசாரித்தார்கள்.

விக்ரோலிப் பயிற்சிக்கு நான் போகவில்லை. என்ன சொல்லிக்கொண்டு போவது? ஓவர்லாக் மிஷினுக்கே திரும்பினேன். குரல் வரவில்லை. ஜெபிக்க முழங்கால் போட்டால் உள்ளே அமைதி. பூட்டின வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல் மாதக்கணக்கில் தட்டினேன். இந்தக் காலத்தைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். நோய் போனால் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்குக் கடவுளே என்னை விட்டுப் போய்விட்டதுபோல் இருந்தது. அதை அழுதே தீர்த்தேன்.

என் உடம்போடு எனக்கு இப்போது ஒரு மரியாதையான தூரம் உண்டு. நான் இல்லாதபோதும் அது நேராகத் தைக்கும், என்னைக் கேட்காமல் சிரிக்கும். நேரத்தையும் பழையபடி நம்புவதில்லை. டீ வந்ததும் டம்ளரைத் தொட்டுப் பார்க்கிறேன். சூடாக இருந்தால், சரி, இங்கேதான் இருந்திருக்கிறேன்.

போன மாதம் பரிசோதனைக்குப் போயிருந்தேன். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் எதிர் பெஞ்சில் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, பக்கத்தில் அவள் அம்மா. தமிழ்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் பேச்சை நடுவில் விட்டுவிட்டு, இடது பக்கம் யாரோ நிற்பதுபோல் திரும்பிப் பார்த்தாள். கை சுடிதார் நுனியைக் கிள்ளியது. அடுத்த நொடி தரையில் விழுந்தாள். கூட்டம் பின்வாங்கி வட்டமாயிற்று. "பேய் புடிச்சிட்டு, எம்புள்ளைக்குப் பேய் புடிச்சிட்டு" என்று தாய் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

எனக்குள் ஒரு குரலும் கேட்கவில்லை. யாரும் என் பெயரைச் சொல்லவில்லை. நான் எழுந்து போனேன்.

அவள் தலைக்குக் கீழே என் பையை வைத்தேன். வலிப்பு வெட்டு நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன் (ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆபத்து). அந்த முகத்தையும் பார்த்தேன். எல்லோரும் பார்க்க, நான் மட்டும் போனைக் கவிழ்த்துத் தவிர்த்த முகம் அது. பயப்படுவேன் என்று நினைத்திருந்தேன். பயம் வரவில்லை. அவள் அங்கே இல்லை, அவள் உடம்பை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. ஒரு கையால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். மற்றக் கையைத் தாய் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. பிறகு ஒரு பெரிய மூச்சு. நர்ஸ் வந்தார், டாக்டர் வித்யா வந்தார். அந்தப் பெண் கண்ணைத் திறந்து, எச்சில் வழிய, யாரென்று தெரியாமல் என்னைப் பார்த்தாள்.

"அக்கா, நான் எங்க போயிருந்தேன்?"

"எங்கயும் போகலம்மா. இங்கனதான் கெடந்த. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."